தாங்கி நிறைந்தும் முள் முக்காலில்: பழைய கொரோலாவின் பெற்றோல் மீற்றர்

கேள்வி: வணக்கம் ஐயா. திருகோணமலை நிலாவெளியில் இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1984ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டீ.எக்ஸ். வேகன் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில்தான் ஹயர் ஓடுகிறேன். ரவுண், கன்னியா, சில நாட்களில் புல்மோட்டை, கந்தளாய்ப் பக்கமும் போவேன். சில மாதமாகப் பெற்றோல் மீற்றர் சரியாகக் காட்டுவதில்லை. பெற்றோல் செட்டில் நிரம்ப அடித்தாலும் முள் முக்காலுக்கு மேல் ஏறாது. பெற்றோல் குறையக் குறைய ஓரளவு சரியாக வருகிறது போலத் தெரிகிறது. குண்டும் குழியுமான ரோட்டில் சில வேளை முள் மெதுவாக ஈ (வெறுமை) வரை படுத்துவிட்டு, பிறகு மெதுவாக எழும்பும். என்ஜின் சூட்டைக் காட்டும் சூட்டு மீற்றரில் பிழை இல்லை. ஒரு கராஜில் டாஷ்போர்ட் மீற்றர் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். இன்னொருவர் டாங்க் யூனிட் (தாங்கிக்குள் மிதவையோடு பெற்றோலை அளக்கும் பாகம்) போய்விட்டது, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்கிறார். போன வருடம் தாங்கியைக் கழற்றிக் கறள் எடுத்து, கறுப்புப் பூச்சு அடித்துப் பூட்டினோம். மீற்றரை நம்ப முடியாததால் பின்னால் ஐந்து லீற்றர் கானில் பெற்றோல் வைத்துக்கொண்டு ஓடுகிறேன். எதை மாற்றுவது?

பதில்:

தம்பி, மீற்றருக்கு வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் போய் அந்தக் கானை வாகனத்தில் இருந்து இறக்குங்கள். காரில் என்றாலும் பின் பெட்டி தனியாக இருக்கும். வேகனில் அதுவும் இல்லை. பயணிகள் இருக்கிற அதே இடத்தில்தான் உங்கள் பெற்றோலும் இருக்கிறது. நம்முடைய வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வாகனத்துக்குள் பிளாஸ்டிக் கான் உப்பும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆவி கசியும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழும்பிக் கலைந்து போகாமல் கால்மிதியடிப் பக்கம் படுத்துக் கிடக்கும். அதற்கு ஒரு சிகரெட் போதும், லூசான வயரில் இருந்து வரும் ஒரு பொறி போதும். பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியும். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் நாம் எல்லோரும் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்தோம். அதன் பிறகு கியூ.ஆர். கோட்டைக் காட்டிக் கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று வாங்கினோம். கிடைக்கிறபோது சேர்த்து வைக்கும் எண்ணம் அன்று பலருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பழக்கத்தை ஓடுகிற வாகனத்துக்குள் வைத்திருக்க வேண்டாம். மீற்றர் சரியாகும் வரை கான் இல்லாமலே சமாளிக்கலாம். வழியைப் பிறகு சொல்கிறேன்.

இனி எதை மாற்றுவது என்ற கேள்வி. இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். இரண்டு பேர் இரண்டு பாகத்தைச் சொன்னார்கள், ஆனால் இரண்டு பேருமே அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளக்காமல் சொல்வது ஊகம், அந்த ஊகத்துக்குக் காசு கொடுப்பது நீங்கள். உங்கள் கடிதத்திலேயே பிழை எங்கே இருக்கலாம் என்பதற்கு நல்ல குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை விளங்கிக்கொள்ள அந்த மீற்றர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

திறப்பைத் திருப்பியதும் கரண்ட் டாஷ்போர்டில் உள்ள மீற்றருக்குள் போகிறது. அங்கே ஒரு சிறிய சூட்டுக் கம்பி, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகட்டைச் சுற்றியிருக்கும். கம்பி சூடானால் தகடு வளையும், வளைகிற தகடு முள்ளைத் தள்ளும். கரண்ட் அங்கிருந்து நீள வயரில் பின்னால் தாங்கிக்கு வந்து, டாங்க் யூனிட்டில் இருக்கும் தடைக் கம்பியைக் கடந்து, தாங்கியின் தகரம் வழியாகவோ தனி ஏர்த் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வழியாகவோ வாகனத்தின் போடிக்கு, அதாவது உலோக உடலுக்கு, வந்து, பற்றறியின் நெகட்டிவுக்குத் திரும்பும். தாங்கிக்குள் மிதவை மேலே போனால் தடை குறையும், கரண்ட் கூடும், தகடு கூடுதலாக வளையும், முள் எஃப் (நிறைவு) பக்கம் போகும். மிதவை இறங்கினால் எல்லாம் எதிர்மாறு. அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பெரும்பாலும் தாங்கி வெறுமையாக இருந்தால் தடை 110 ஓம் அளவு, பாதியில் 32 ஓம் அளவு, நிறைந்திருந்தால் 3 ஓம் அளவு இருக்கும். இந்த மூன்று எண்களையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை தேவைப்படும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது இந்த வகை மீற்றர்தானா என்று அறிவது சுலபம். திறப்பை ஓஃப் செய்ததும் முள் மெதுவாக ஈக்கு இறங்கினால் இதுதான். ஓஃப் செய்த பிறகும் முள் இருந்த இடத்திலேயே நின்றால் அது சுருள் வகை, பிந்திய மொடல்களில் வருவது, அதன் கணக்கு வேறு. முள் மெதுவாகப் படுத்து மெதுவாக எழும்பும் என்று நீங்களே எழுதியிருப்பதால் உங்களுடையது சூட்டுக் கம்பி வகை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது குறிப்புகளைப் பார்ப்போம். சூட்டு மீற்றர் சரியாக இருக்கிறது என்பது பெரிய விடயம். இந்த வகை டாஷ்போர்டில் பெற்றோல் மீற்றருக்கும் சூட்டு மீற்றருக்கும் ஒரே வோல்டேஜ் ரெகுலேற்றர் இருக்கும். பற்றறியின் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் இரண்டு மீற்றருக்கும் சராசரியாக 7 வோல்ட் அளவு போகும்படி அது கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும். அது பழுதானால் இரண்டு முள்ளும் சேர்ந்து பிழையாகக் காட்டும்: ஒன்றாகக் கூடும், அல்லது ஒன்றாகக் குறையும். உங்களுக்கு ஒன்று மட்டும்தான் பிழை. ஆகவே ரெகுலேற்றர், பியூஸ், திறப்பு ஸ்விட்ச் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடலாம். டாஷ்போர்ட் மீற்றர் முழுவதையும் மாற்றச் சொன்னதற்கு இந்த ஒரு குறிப்பே போதுமான மறுப்பு.

அடுத்தது, நிறைந்தால் முக்கால், குறைந்தால் ஓரளவு சரி. பலர் கவனிக்காமல் விடுகிற குறிப்பு இது. பாதையில் எங்கோ ஒரு மோசமான இணைப்பு 10 ஓம் கூடுதல் தடையைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கி வெறுமையாக இருக்கும்போது 110 என்பது 120 ஆகும். முள்ளில் வித்தியாசமே தெரியாது. பாதியில் 32 என்பது 42 ஆகும், முள் கொஞ்சம் கீழே நிற்கும். நிறைந்திருக்கும்போது 3 என்பது 13 ஆகிவிடும், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். முள் எஃப் வரை ஏறவே முடியாது. நீங்கள் எழுதியிருப்பது அச்சொட்டாக இதுதான். யூனிட்டின் கம்பி தேய்ந்திருந்தால் அநேகமாக ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் குழப்பம் வரும். மிதவைக்குள் பெற்றோல் புகுந்து அது மூழ்கினால் எப்போதும் ஈ பக்கமே காட்டும். மிதவையின் கை வளைந்திருந்தால் கீழ்ப் பக்கமும் சேர்ந்து பிழையாகக் காட்டும். மேல் பக்கம் மட்டும் குறைவாகக் காட்டுவது இணைப்பு அல்லது ஏர்த் பிழையின் குணம்.

குலுக்கத்தில் முள் படுப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. சூட்டுக் கம்பி வகை மீற்றரில் முள் துள்ளாது, தகடு ஆறத்தான் இறங்கும், சூடேறத்தான் எழும்பும். ஈ வரை இறங்கியது என்றால் அவ்வளவு நேரமும் பாதை முற்றாக அறுந்திருந்தது என்று அர்த்தம். லூசான ஒரு தொடர்பு குலுக்கத்தில் விட்டு, பிறகு பிடித்திருக்கிறது.

கடைசிக் குறிப்பு, தாங்கியைக் கழற்றிப் பூச்சு அடித்தது. என்னைக் கேட்டால் கதை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. தாங்கி போடியைத் தொடுகிற இடத்திலும் போல்டுகளின் கீழும் முன்பு வெறும் தகரம் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். கறுப்புப் பூச்சு கரண்டைக் கடத்தாது. புதிதாகப் பூட்டியபோது போல்டின் புரி மட்டும் பூச்சைக் கீறிக்கொண்டு ஓரளவு தொடர்பு கொடுத்திருக்கும். அந்த மெல்லிய தொடர்பில் ஒரு வருடமாக நிலாவெளிக் கடற்காற்று உப்பைச் சேர்த்து, கறள் ஏற்றியிருக்கும். பிழை உடனே வராமல் மாதங்கள் கழித்து வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தனி ஏர்த் வயர் இருக்கிற யூனிட் என்றால், பூட்டும்போது அந்த வயரை விட்டிருக்கலாம், அல்லது பூச்சுக்கு மேலேயே முறுக்கியிருக்கலாம். பூச்சு அடித்ததைப் பிழை சொல்லவில்லை. கடற்கரையில் நிற்கும் வாகனத்துக்கு அது கட்டாயம் வேண்டும். பூட்டும்போது ஒரு போல்டின் கீழ் மட்டும் பூச்சைச் சுரண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதுவும் இப்போதைக்கு என் ஊகம்தான். அளந்து உறுதிப்படுத்துவோம்.

ஒரு சாதாரண மல்ரிமீற்றர் (தடை, வோல்டேஜ் அளக்கும் சிறு கருவி) வேண்டும். வாகனத்தை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். அடுப்பு, சாம்பிராணி, சிகரெட் ஒன்றும் கிட்ட வேண்டாம். தாங்கி நிறைந்திருக்கிற நாளில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பிழை பெரிதாகத் தெரிவது அப்போதுதான். பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் தாங்கிக்கு மேலே ஒரு சிறிய தகர மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றி டாங்க் யூனிட்டின் தலையைக் காணலாம். இல்லாவிட்டால் கீழிருந்து யூனிட்டின் வயரைத் தேடிப் பிடியுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

திறப்பு ஓஃப். யூனிட்டின் வயரைக் கழற்றுங்கள். மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு மீற்றர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மீற்றரின் சொந்த வயர்களின் தடை, பிறகு வரும் எண்களில் இருந்து அதைக் கழிக்க வேண்டும். இப்போது இரண்டு அளவு எடுக்க வேண்டும். முதலாவது, யூனிட்டின் முனையில் இருந்து யூனிட்டின் சொந்த உலோகத் தலைக்கு. இரண்டாவது, அதே முனையில் இருந்து வாகனத்தின் போடிக்கு, அதுவும் பூச்சு இல்லாத பளிச்சென்ற இடத்துக்கு. யூனிட்டில் இரண்டு பின் கொண்ட பிளக் இருந்தால் முதல் அளவை இரண்டு பின்னுக்கும் இடையே எடுங்கள். அதில் இரண்டாவது அளவை எடுக்கும்போது யூனிட்டின் ஏர்த் பின் வாகனத்தின் ஏர்த் வயரோடு இணைந்திருக்க வேண்டும். ஆகவே பிளக்கைக் கழற்றாமல் மறுபக்கம், டாஷ்போர்டுக்குப் போகும் வயரை வேறு இணைப்பில் விடுவித்துவிட்டு அளக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்ணும்தான் தீர்ப்பு. நிறைந்த தாங்கியில் முதல் அளவு 3, 4, 5 ஓம் என்று வந்து, இரண்டாவது 12, 15 என்று வந்தால் யூனிட் நன்றாக இருக்கிறது, ஏர்த் கெட்டிருக்கிறது. கொழும்புக்கு ஓடர் கொடுக்கத் தேவையில்லை. இரண்டு அளவுமே 12, 15 என்று ஒரே மாதிரி வந்தால் ஏர்த்தில் பிழை இல்லை, யூனிட்டுக்குள்தான் பிழை. இரண்டுமே 3, 4 என்று வந்தால் தாங்கிப் பக்கம் முழுவதும் சரி, பிழை முன்னால் வயரிலோ மீற்றரிலோ இருக்கிறது. மற்றவர்கள் மாற்றச் சொன்ன இரண்டு பாகத்துக்கும் இடையில் நிற்கிற கேள்விக்கு இந்தச் சின்ன வேலையிலேயே பதில் வந்துவிடும்.

டாஷ்போர்ட் மீற்றரையும் தனியாகச் சோதித்துவிடலாம். அதற்கு மல்ரிமீற்றர்கூட வேண்டாம். யூனிட்டில் இருந்து கழற்றிய வயர், அதாவது டாஷ்போர்டில் இருந்து வருவது, அது எதையும் தொடாமல் இருக்கத் திறப்பை ஓன் செய்தால் முள் ஈயில் நிற்க வேண்டும். திறப்பை ஓஃப் செய்துவிட்டு, அந்த வயரையும் போடி ஏர்த்தையும் ஒரு 3.4 வாட் சிறு பல்ப் வழியாக இணையுங்கள். மீண்டும் ஓன் செய்தால் பல்ப் மங்கலாக எரியும், சில வேளை விட்டு விட்டு எரியும், முள் எஃப் பக்கம் ஏறும். ஏறினால் மீற்றரும் நீள வயரும் உயிரோடு இருக்கின்றன. பலர் பல்ப் இல்லாமல் வயரை நேரே ஏர்த்தில் முட்டிப் பார்ப்பார்கள். ஒரு கணம் என்றால் ஒன்றும் ஆகாது, மறந்துபோய் அப்படியே விட்டால் சூட்டுக் கம்பி எரிந்துபோகும். நல்ல மீற்றரைச் சோதனையிலேயே கொன்றதுபோல் ஆகிவிடும்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க ஆசை இருந்தால் ரவுணில் ரீ.வி., ரேடியோ திருத்தும் கடையில் 100 ஓம், 33 ஓம், 3.3 ஓம் ரெசிஸ்ரர் ஒவ்வொன்று, ஒரு வாட் அல்லது இரண்டு வாட் அளவில் கேட்டு வாங்குங்கள். விலை மிகச் சொற்பம். பல்புக்குப் பதிலாக ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். 100இல் முள் ஈயை ஒட்டி, 33இல் பாதியை ஒட்டி, 3.3இல் எஃப்பை ஒட்டி நின்றால் உங்கள் மீற்றர் நாற்பது வருடத்துக்குப் பிறகும் செம்மையாக இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு யாரோ எங்கோ ஓட்டிய வாகனத்தின் மீற்றரைப் பூட்டச் சொல்லும் ஆளிடம் இந்தச் சோதனையைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்ய வேண்டாம். பற்றறியில் இருந்து நேரே 12 வோல்ட்டை எடுத்து டாங்க் யூனிட்டின் முனையில் கொடுக்காதீர்கள். யூனிட்டின் மெல்லிய தடைக் கம்பி அதைத் தாங்காது. அது இருப்பது பெற்றோல் தாங்கிக்குள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் ஏர்த்தைக் காட்டினால், நான் எதிர்பார்ப்பதும் அதுதான், வேலை இவ்வளவுதான். பற்றறியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தாங்கியைப் பிடிக்கும் போல்ட் ஒன்றின் கீழ், அல்லது யூனிட்டைப் பிடிக்கும் திருகாணி ஒன்றின் கீழ், பூச்சை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து வெறும் உலோகத்தைக் காணுங்கள். கிறைண்டர் பொறி கக்கும், அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். பின்பக்க போடியிலும் ஒரு போல்ட் துளையை அப்படியே சுத்தம் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு முனையிலும் வளையம் அடித்த செம்பு வயர் ஒன்றைப் பூட்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு அதன் மேல் கிறீஸோ வசலினோ பூசினால் உப்புக் காற்று உள்ளே நுழையாது. தாங்கியில் புதிதாகத் துளை போடவோ திருகாணி ஏற்றவோ கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு அந்த இரண்டாவது அளவைத் திரும்ப எடுங்கள். முதல் அளவோடு ஒத்து வந்துவிட்டால் வேலை முடிந்தது. வயரின் பிளக்கில் பச்சைக் கறை படிந்திருந்தால் அதையும் கொண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். குலுக்கத்தில் முள் விழுந்ததற்கு அந்தப் பிளக்கும் பங்காளியாக இருக்கலாம்.

பின் லைற்றுகளின் ஏர்த்தையும் அதே நேரத்தில் பாருங்கள். ஹெட் லைற்றைப் போட்டுப் பிறேக்கையும் ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கும்போது பெற்றோல் முள் நகர்ந்தால் பின்பக்க ஏர்த் எல்லாமே பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அளவுகள் யூனிட்டைக் காட்டினால் அதைக் கழற்ற வேண்டும். இதில்தான் எனக்குப் பயம் கூட. பெற்றோல் குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் முக்கால் வெறுமையான தாங்கிக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், பற்றிக்கொள்வது அந்தக் கலவைதான். பற்றறி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும், கைத்தொலைபேசி எட்டத்தில், கொத்திக் கழற்றுகிற வேலை வேண்டாம். பெற்றோலை இறக்க வேண்டுமென்றால் கைப்பம்ப் பாவியுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவே வேண்டாம். ஒரு வாய்ப் பெற்றோல் நெஞ்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். இந்த வேலையில் கை பழகாதவர் என்றால் கழற்றுவதை மட்டும் நல்ல கராஜ் ஒன்றில் கொடுங்கள், அளப்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெளியே எடுத்த யூனிட்டின் கையை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கிக்கொண்டு ஓம் அளவைப் பாருங்கள். 3இல் இருந்து 110 வரை இடையில் அறுபடாமல் ஏறினால் நல்லது. எங்காவது திடீரென்று எண் தாவினால் அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது. இதற்கு முள் வைத்த பழைய மல்ரிமீற்றர் எண் காட்டுவதைவிட வசதி, தாவுகிற இடம் கண்ணுக்கு உடனே தெரியும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே திரவம் அசைகிற சத்தம் கேட்டால் அது ஓட்டை. தடம் அழுக்காக இருந்தால் கொண்டாக்ட் கிளீனரும் மென்மையான தூரிகையும் மட்டும். உப்புத்தாள் போட்டால் தலைமயிர் போன்ற அந்தக் கம்பி அறுந்துவிடும். திரும்பப் பூட்டும்போது புது றப்பர் பக்கிங் போடுங்கள். பழையது மீண்டும் அடைக்கும் என்று நம்பினால் தாங்கி நிறையும்போது பெற்றோல் மணக்கத் தொடங்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால், கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கேட்டாலும் உள்ளூரில் கேட்டாலும், கொரோலா என்று மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். காரின் தாங்கியும் வேகனின் தாங்கியும் ஒரே உருவம் இல்லை, மிதவைக் கையின் நீளமும் வளைவும் அதனால் மாறும். பழைய யூனிட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு, கடையிலேயே ஓம் அளந்து வாங்குங்கள். எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று விற்கிற யூனிட்டில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்க வகை ஒன்று வெறுமையில் 240, நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வகை ஒன்று வெறுமையில் 10, நிறைந்தால் 180 ஓம். இந்தக் கடைசி வகையை உங்கள் வேகனில் பூட்டினால் தாங்கி காய்ந்து கிடக்கும்போது முள் எஃப்பை நோக்கி ஏறி நிற்கும். யூனிட் புதியது, வேலையும் சுத்தம், ஆனால் நடு ரோட்டில் நிற்பீர்கள்.

இப்போது, மீற்றர் சரியாகும் வரை கான் இல்லாமல் எப்படி ஓடுவது. தாங்கியை நிரப்பி, ஓடோமீற்றரில் கிலோமீற்றரைக் குறியுங்கள். அடுத்த முறை திரும்ப நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று வகுத்தால் லீற்றருக்கு எவ்வளவு என்று வந்துவிடும். இரண்டு மூன்று தடவை பார்த்து, அதில் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். ஏ.சி. போட்டு ஆட்களை நிரப்பிப் போகும் நாளில் அதுதான் உண்மை. அந்தக் கணக்கில் பாதித் தாங்கிக்கான தூரம் ஓடியதும் நிரப்பிவிடுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஹயர் வந்தால் கந்தளாயிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். அந்தக் காட்டு ரோட்டில் பின்னேரம் ஆனால் யானை இறங்கும். பெற்றோல் முடிந்து அங்கே ஆட்களோடு நிற்கிற நிலை உங்களுக்கு வரக்கூடாது. உங்கள் மீற்றர் குறைவாகக் காட்டுகிற பக்கம் பிழையாக இருப்பது ஒரு வகையில் நல்லது, முள் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தாங்கியில் இருக்கும். ஆனால் அதையும் நம்பி ஓட வேண்டாம்.

திருத்திய பிறகு ஒரு தடவை முள்ளின் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். முள் ஈயை நெருங்கியிருக்கும்போது சமதரையில் உள்ள ஒரு செட்டில் ஐந்து ஐந்து லீற்றராக அடித்து, ஒவ்வொரு தடவையும் திறப்பை ஓன் செய்து இரண்டு நிமிடம் பொறுத்து, முள் நிற்கிற இடத்தைக் குறியுங்கள். அடிக்கும் நேரத்தில் திறப்பு ஓஃபில் இருக்க வேண்டும். செட்டில் நெரிசல் இல்லாத காலை வேளையில் போனால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள். இந்த வகை மீற்றரில் முதல் பாதி மெதுவாகவும் பின் பாதி வேகமாகவும் இறங்குவது சாதாரணம், தாங்கியின் உருவமும் அதற்கு ஒரு காரணம். அதைப் பழுது என்று நினைத்துத் திரும்பக் கழற்ற வேண்டாம்.

வாகனத்தை வைத்திருப்பதா விடுவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வைத்திருங்கள். இந்த மீற்றரில் கம்பியூட்டர் இல்லை, மறைந்திருக்கிற பாகம் இல்லை. ஒரு மல்ரிமீற்றர் வைத்திருப்பவர் முழுப் பாதையையும் தன் கையாலேயே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

அந்த இரண்டு அளவையும் எடுத்ததும், தாங்கியில் அப்போது எவ்வளவு பெற்றோல் இருந்தது என்பதோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். யூனிட்டின் தலையில் ஒரு வயரா இரண்டு வயரா என்பதையும் குறிப்பிடுங்கள். இரண்டு என்றால் அவற்றின் நிறத்தையும் எழுதினால், முன்னால் எந்த இணைப்பில் கழற்றி அளக்க வேண்டும் என்று விபரமாகச் சொல்கிறேன்.